வீட்டில் தயாரிக்கும் ‘வெள்ளி நீர்’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த சில மாதங்களாக இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே பொருள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. இரண்டு வெள்ளிக் கம்பிகளையும் சில பேட்டரிகளையும் கொண்டு வீட்டிலேயே ‘வெள்ளி நீர்’ தயாரித்துக் குடிக்கும் பழக்கத்தைப் பற்றியவை அவை. ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் பதில் அளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் சென்ற முறை ஊருக்கு வந்தபோது ஒரு சிறு கருவியைக் கொடுத்துவிட்டுச் சென்றான். இரண்டு வெள்ளிக் கம்பிகள், மூன்று 9 வோல்ட் பேட்டரிகள், ஒரு கண்ணாடிக் குவளை, அவ்வளவுதான். டிஸ்டில்டு வாட்டரில் அரை மணி நேரம் கம்பிகளை வைத்து எடுத்தால் கூழ்ம வெள்ளி தயாராகிவிடும், தினமும் ஒரு டம்ளர் குடித்தால் எந்த நோயும் அண்டாது என்கிறான். எனக்கு வயது 61. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். குடிக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: குடிக்க வேண்டாம், அம்மா. ஆனால் காரணம் சொல்லாமல் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், உங்கள் அண்ணன் மகன் தொலைபேசியில் கேட்கும்போது உங்களால் பதில் சொல்ல முடியாது. ஆகவே அந்தக் குவளைக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று பேட்டரிகளையும் தொடராக இணைத்தால் 27 வோல்ட் கிடைக்கும். நேர்மின்வாயாக உள்ள கம்பியில் இருக்கும் வெள்ளி அணுக்கள் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானை இழந்து, வெள்ளி அயனிகளாக நீருக்குள் இறங்குகின்றன. எதிர்மின்வாயாக உள்ள கம்பியில் ஹைட்ரஜன் குமிழிகள் தோன்றுகின்றன. நீரில் இறங்கிய அயனிகளில் ஒரு பகுதி மறுபக்கக் கம்பியை அடைந்து, அங்கே கரும்பாசி போலப் படிகிறது. இன்னொரு பகுதி ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து பழுப்பு நிற வெள்ளி ஆக்சைடாகிறது. மிகச் சிறிய ஒரு பகுதி மட்டுமே ஒன்றுகூடி, நீரில் மிதக்கும் நுண்துகள்களாக வளர்கிறது. ஒரு நானோமீட்டர் முதல் நூறு நானோமீட்டர் வரை அளவுள்ள அந்தத் துகள்களுக்குத்தான் கூழ்மம் என்ற பெயர் பொருந்தும். வீட்டுக் கருவியிலிருந்து கிடைக்கும் தெளிந்த நீர் பெரும்பாலும் வெள்ளி அயனிகளின் கரைசலே. நுண்துகள்கள் கணிசமாக இருந்தால், அவை ஒளியின் ஊதாப் பகுதியை உறிஞ்சுவதால் நீர் மஞ்சள் நிறமாகத் தெரியும்.

அடுத்து அளவு. மைக்கேல் ஃபாரடே வகுத்த மின்னாற்பகுப்பு விதியின்படி, ஒரு மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் கம்பியிலிருந்து சுமார் 4 மில்லிகிராம் வெள்ளி வெளியேறும். அது முழுவதும் 250 மில்லிலிட்டர் நீரில் தங்கிவிட்டால் லிட்டருக்கு 16 மில்லிகிராம் என்ற செறிவு கிடைக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, வெள்ளிக்கு அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அதாவது அந்தக் குவளையில் இருப்பது குடிநீர் வரம்பைப் போல 160 மடங்கு.

கணக்கு இவ்வளவு எளிது என்றால் அளந்து குறைத்துக் குடிக்கலாமே என்று தோன்றும். வீட்டில் அந்த அளவை அறியவே முடியாது என்பதுதான் சிக்கல். காய்ச்சி வடித்த தூய நீர் தொடக்கத்தில் மின்சாரத்தை ஏறக்குறையக் கடத்தாது. வெள்ளி அயனிகள் சேரச் சேரக் கடத்துதிறன் கூடுகிறது, கடத்துதிறன் கூடக் கூட அயனிகள் இன்னும் வேகமாக இறங்குகின்றன. ஆகவே முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் ஒன்றல்ல. கம்பிகளுக்கு இடையிலான தூரம், அவை மூழ்கியிருக்கும் ஆழம், நீரின் வெப்பநிலை, பேட்டரியின் வயது ஆகிய ஒவ்வொன்றும் விளைவை மாற்றும். ‘அரை மணி நேரம்’ என்ற குறிப்பு, அடுப்பின் தீ எவ்வளவு என்று சொல்லாமல் ‘அரை மணி நேரம் வேக வை’ என்று சொல்வதைப் போன்றது. சிலர் டிடிஎஸ் மீட்டரை நம்புகிறார்கள். அந்தக் கருவி நீரின் மின்கடத்துதிறனை மட்டும் அளந்து, சாதாரண உப்புகளுக்குப் பொருந்தும் ஒரு மாற்றெண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. வெள்ளியை அது தனியே இனங்காணாது, நுண்துகள்களை அறவே காணாது.

உங்கள் உடல்நிலைக்கு நேரடியாகப் பொருந்தும் ஒன்றும் உண்டு. உட்கொள்ளும் வெள்ளி, தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கும் இதே பாதிப்பு நேரலாம். நன்மை எதுவும் நிறுவப்படாத ஒரு நீருக்காக, நாள்தோறும் உங்களைக் காத்துவரும் மாத்திரையின் பலனைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அண்ணன் மகன் வாழும் நாட்டிலேயே இது தீர்மானிக்கப்பட்ட செய்தி என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1999 ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட இறுதி விதியில், மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் கூழ்ம வெள்ளி மருந்துகளும் வெள்ளி உப்பு மருந்துகளும் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்கப்பட்டவை அல்ல என்று அறிவித்தது. அங்கு இன்னும் அவை கடைகளில் கிடைப்பதற்குக் காரணம், மருந்து என்ற பெயரில் அல்லாமல் துணையுணவு என்ற பெயரில் விற்கப்படுவதே. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு மருந்து என்று சில பொருள்களை விற்ற ஏழு நிறுவனங்களுக்கு அதே நிர்வாகமும் அமெரிக்க வணிக ஆணையமும் சேர்ந்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின. அந்தப் பொருள்களில் கூழ்ம வெள்ளியும் ஒன்று.

கேள்வி: வெள்ளி கிருமிகளைக் கொல்லும் என்பது அறிவியல் ஒப்புக்கொண்ட உண்மை. ஆய்வகத்தில் கொல்வது உடலுக்குள் மட்டும் ஏன் கொல்லாது? (வாசகர், தாம்பரம்)

பதில்: மிக நியாயமான கேள்வி. இந்தப் பழக்கத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை என்பதால்தான் அது இவ்வளவு பரவியிருக்கிறது. அந்தப் பாதியை முதலில் மனம்விட்டு ஒப்புக்கொள்கிறேன்.

1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசலின் ஒரு சொட்டை விட்டு, தாயிடமிருந்து தொற்றும் மேகவெட்டைக் கிருமியால் வரும் கண்ணழற்சியைத் தடுத்தார். எத்தனையோ குழந்தைகள் பார்வை இழக்காமல் காப்பாற்றப்பட்டது அந்த ஒரு சொட்டால்தான். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் கார்ல் நேகெலி, அவர் மறைந்தபின் 1893-இல் வெளியான ஆய்வில், மிக நுண்ணிய அளவில்கூடச் சில உலோகங்கள் பாசி போன்ற உயிர்களைக் கொல்வதைப் பதிவு செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆல்பர்ட் பார்ன்ஸ், வெள்ளியும் புரதமும் சேர்ந்த ‘ஆர்ஜிரால்’ என்ற மருந்தை விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1968-இல் சார்லஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்திய சில்வர் சல்ஃபடயசின் களிம்பு இன்றும் நம் அரசு மருத்துவமனைகளின் தீக்காயப் பிரிவுகளில் பயன்படுகிறது.

இந்தப் பட்டியலில் இன்றும் நிலைத்திருப்பவற்றைப் பாருங்கள். அனைத்தும் உடலின் மேற்பரப்பில், கிருமி இருக்கும் இடத்திலேயே நேரடியாகப் பூசப்படுபவை. வாய்வழியே சென்று இரத்தத்தில் கலந்து நோயைத் தீர்க்கும் வெள்ளி மருந்து நவீன மருத்துவத்தில் ஒன்றும் எஞ்சவில்லை. காரணம் நம் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது. பிளஸ் டூவில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு, குளோரைடு உள்ள கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தவுடன் ‘தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு’ கிடைத்ததும், அது அம்மோனியம் ஹைட்ராக்சைடில் கரைந்ததும் நினைவிருக்கும். வெள்ளி அயனி குளோரைடைக் கண்டால் விடாது. நம் உமிழ்நீரில் குளோரைடு உண்டு, இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே, இரத்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை கிராம் குளோரைடு இருக்கிறது. இவற்றைத் தாண்டித் தப்பும் கொஞ்சத்தையும் கந்தகம் உள்ள புரதங்கள் பற்றிக்கொள்கின்றன. ஆய்வகத் தட்டில், காய்ச்சி வடித்த நீரில், எதிரில் கிருமி மட்டுமே இருக்கும் நிலையில் வெள்ளி பெறும் வெற்றி, குளோரைடும் புரதமும் நிறைந்த உடலுக்குள் அதற்கு வாய்ப்பதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல், ‘நூற்றுக்கணக்கான கிருமிகளைக் கொல்லும்’ என்று மட்டும் காணொளிகளில் சொல்வது மக்களைத் தவறான வழியில் கொண்டு செல்கிறது என்பதே என் வருத்தம்.

கேள்வி: கூழ்ம வெள்ளி குடித்தால் தோல் நீலமாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். இது வெறும் பயமுறுத்தலா? (வாசகர், மதுரை)

பதில்: பயமுறுத்தல் அல்ல. ‘ஆர்ஜிரியா’ என்பது மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகப் பதிவாகியுள்ள நிலை. அதைப் புரிந்துகொள்ள நம் எல்லோரிடமும் ஓர் அனுபவம் இருக்கிறது. வாக்குச்சாவடியில் இடது கை ஆள்காட்டி விரலில் வைக்கப்படும் மை, 1962 பொதுத்தேர்தல் முதல் மைசூருவில் உள்ள கர்நாடக அரசு நிறுவனத்தில் தயாராகிறது. அதில் இருப்பது வெள்ளி நைட்ரேட். வைக்கும்போது ஊதாவாக இருக்கும் அந்தக் கோடு வெளிச்சம் பட்டதும் கறுத்து, தோலோடு ஒன்றிவிடுகிறது. சோப்பு, எண்ணெய், எலுமிச்சை என எதற்கும் அது அசைவதில்லை. ஒளி, தோலில் உள்ள வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக ஒடுக்கி நுண்துகள்களாக்கிவிடுவதே காரணம். பழைய புகைப்படச் சுருளில் நடந்ததும் இதே வேதிவினைதான். நான் ஆய்வகத்தில் பணியாற்றிய காலத்தில், வெள்ளி நைட்ரேட் சிந்திய விரல்களோடு வீட்டுக்குப் போய், இரண்டு வாரம் அந்தக் கருமையோடே சோறு பிசைந்திருக்கிறேன்.

விரலில் பட்டது ஏன் சில வாரங்களில் மறைகிறது? மேல்தோலின் செல்கள் இறந்து உதிர்ந்துகொண்டே இருக்கின்றன, கறையும் அவற்றோடு போய்விடுகிறது. ஆனால் வாய்வழியாகச் சென்று குடலில் உறிஞ்சப்பட்ட வெள்ளி, இரத்தத்தின் வழியாக அடித்தோலைச் சென்றடைகிறது. அடித்தோல் அப்படி உதிர்வதில்லை. அங்கே படிந்த வெள்ளி ஒளியால் ஒடுக்கப்பட்டு, பின்னர் கந்தகத்தோடும் செலினியத்தோடும் சேர்ந்து நிலைத்துவிடுகிறது. வெயில் படும் முகம், கழுத்து, கைகள் முதலில் சாம்பல் நீலமாவதற்கும், ஆடை மறைக்கும் பகுதிகள் அவ்வளவு மாறாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் தொடக்க நிலை எளிதில் கண்ணில் படாது என்பது கூடுதல் ஆபத்து. ஈறுகளிலும் நகத்தின் அடியில் உள்ள பிறைப் பகுதியிலும் நீலச் சாயல் தெரிவதே பெரும்பாலும் முதல் அறிகுறி.

வீட்டுத் தயாரிப்பால் நேர்ந்ததற்கு எல்லோரும் அறிந்த சான்று, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் எல்லாம் நிலைகுலைந்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கிடைக்காமல் போகும் என்ற அச்சம் அப்போது பரவியிருந்தது. அந்த அச்சத்தில் 1999-இல் அவர் வீட்டிலேயே வெள்ளிக் கம்பிகளைக் கொண்டு கூழ்ம வெள்ளி தயாரித்துக் குடிக்கத் தொடங்கினார். கணினிகள் நிலைகுலையவில்லை. 2002-இல் செனட் தேர்தலில் அவர் போட்டியிட்டபோது, அவருடைய தோல் நீலம் கலந்த சாம்பல் நிறமாகியிருந்தது உலகம் முழுவதும் செய்தியானது.

எவ்வளவு குடித்தால் இந்நிலை வரும் என்பதற்கு, பழைய மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் ஓர் எல்லையைச் சொல்கிறது. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து உட்கொள்ளும் வெள்ளி 10 கிராமுக்குள் இருந்தால் ஆர்ஜிரியா வருவதில்லை என்பது அது. லிட்டருக்கு 16 மில்லிகிராம் செறிவுள்ள நீரை நாள்தோறும் 200 மில்லிலிட்டர் குடித்தால் ஒரு நாளைக்கு 3.2 மில்லிகிராம். அந்த வேகத்தில் எட்டரை ஆண்டுகளில் வாழ்நாள் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த அளவு இதைவிடக் கண்டிப்பானது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 0.3 மில்லிகிராம். அந்த ஒரு டம்ளரில் இருப்பது அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். இதே நீரை ஒரு மேசைக்கரண்டி மட்டும் குடித்தால் பெரியவருக்கு அந்த எல்லைக்குள்தான் இருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே கரண்டி மூன்று மடங்கு மிகுதி. செறிவு 16 தானா 40 தானா என்பதை வீட்டில் யாரும் அளக்க முடியாது என்பதை முதல் பதிலிலேயே பார்த்தோம்.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகக் கொலுசு செய்யும் குடும்பம். பட்டறைக்கு வரும் சிலர், பழைய கொலுசையோ வெள்ளிக் காசையோ கம்பிக்குப் பதிலாக மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? (வாசகர், சேலம்)

பதில்: கூடவே கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நகை வெள்ளி தனி வெள்ளி அல்ல. 925 முத்திரையுள்ள வெள்ளியிலேயே ஆயிரத்துக்கு 75 பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. பட்டறையில் டச், அதாவது வெள்ளியின் தூய்மை, குறைந்த பொருள்களில் அந்தப் பங்கு இன்னும் கூடும். மின்சாரம் பாயும்போது வெள்ளியோடு செம்பும் நீரில் இறங்கும். கொலுசின் ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பற்றவைப்பு அதைவிடக் கவலைக்குரியது. அதில் துத்தநாகம் உண்டு. எளிதில் உருகுவதற்காகக் காட்மியம் சேர்த்த கலவைகளும் நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்தன. தங்கத்தில் ‘கேடிஎம்’ என்று நாம் அறிந்ததும் அதே காட்மியம்தான். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. அந்தப் புகையைச் சுவாசிக்க நேரும் உங்கள் போன்ற தொழிலாளர்களின் உடல்நலமும் என் மனத்தில் இருக்கிறது. பற்றவைக்கும் இடத்தில் காற்றோட்டம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளிப் பாலாடையில் பால் புகட்டி, வெள்ளி டம்ளரில் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாம். இனிப்பின் மேல் வெள்ளித்தாள் ஒட்டி உண்கிறோம். சித்த மருத்துவத்தில் வெள்ளிப் பற்பம் இருக்கிறது. அப்போதெல்லாம் வராத கேடு இப்போது மட்டும் வருமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இவை நான்கும் வெவ்வேறு. வெள்ளி டம்ளரும் பாலாடையும் திண்ம உலோகம். நீரிலும் பாலிலும் அது கரைவது மிக மிகச் சொற்பம். கரையாத தன்மையால்தான் வெள்ளியைப் பாத்திரத்துக்கே தேர்ந்தெடுத்தோம். அது கறுப்பது காற்றிலும் உணவிலும் உள்ள கந்தகத்தால், விபூதியால் தேய்த்தால் போய்விடும். பாட்டி வைத்துவிட்டுப் போன பாலாடையை அச்சமின்றிப் பயன்படுத்துங்கள். இனிப்பின் மேல் ஒட்டும் தாளும் அடித்து மெலிதாக்கிய உலோகமே. ஆயிரத்துக்கு 999 பங்கு தூய்மை வேண்டும் என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. எப்போதோ உண்ணும் இனிப்பில் வரும் அந்தச் சிறு தாள் கவலைக்குரியதல்ல. மின்கருவியோ, கரையாத அந்த உலோகத்தை வலிந்து அயனியாக்கி, உடல் உறிஞ்சக்கூடிய வடிவில் நாள்தோறும் குவளை குவளையாகத் தருகிறது. பொருள் ஒன்றே ஆனாலும் வடிவம் வேறு, அளவு வேறு.

வெள்ளிப் பற்பம் சுத்தி செய்து, புடமிட்டு, நோயாளியின் நிலை பார்த்து, மருந்தோடு சேர்த்து உண்ணும் அனுபானத்தோடு, குறித்த நாள்களுக்கு மட்டும் பதிவு பெற்ற சித்த மருத்துவர் கொடுப்பது. அதன் பெயரைச் சொல்லி இந்தப் பேட்டரி நீரை யாராவது நியாயப்படுத்தினால், அவர் சித்த மருத்துவத்தையும் மதிக்கவில்லை என்றே கருதுவேன்.

கேள்வி: பெயரும் ஊரும் வேண்டாம். ஏழு மாதங்களாக என் கணவரும் நானும் வீட்டில் தயாரித்துக் குடித்துவருகிறோம். சீக்கிரம் தயாராவதற்காக ஒரு சிட்டிகை உப்புப் போடுவோம். இப்போது அவருடைய நகங்களில் ஒரு நீலச் சாயல் இருப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்: இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அம்மா. உடல்நலத்தில் அக்கறை கொண்டு, நல்லது என்று நம்பித்தான் செய்தீர்கள். இன்றோடு இருவரும் நிறுத்திவிடுங்கள். அவரைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எவ்வளவு காலம், எவ்வளவு அளவு, எப்படித் தயாரித்தது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் மருத்துவர் நகம் நீலமாவதை இதயத்திலும் நுரையீரலிலும் தேடத் தொடங்குவார். அப்படி நகம் நீலமாவதற்கு ஆக்சிஜன் குறைவும் காரணமாக இருக்கலாம் என்பதால், நீங்களாகவே வெள்ளிதான் காரணம் என்று முடிவு செய்துவிடவும் வேண்டாம். மூச்சுத்திணறல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நீங்கள் சேர்த்த உப்பு, நீரின் கடத்துதிறனை ஒரே நொடியில் பல மடங்கு கூட்டியிருக்கும். அதனால் கம்பியிலிருந்து மிக அதிக வெள்ளி வெளியேறி, பெரும்பகுதி வெள்ளி குளோரைடாக மாறியிருக்கும். உங்கள் நீர் பால்போலக் கலங்கலாக இருந்ததற்கும், வைத்திருந்தால் சாம்பல் நிறமானதற்கும் அதுவே காரணம். தோலில் படிந்த வெள்ளியை வெளியேற்றும் உள்மருந்து கிடையாது. வெளியேற்றித் தருவதாகக் கூறும் பொடிகளுக்கும் கஷாயங்களுக்கும் பணம் செலவழிக்காதீர்கள். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒருவகை லேசர் சிகிச்சையால் நிறம் கணிசமாகக் குறைந்த நோயாளிகள் இருக்கிறார்கள். அது தேவையா என்பதைத் தோல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அதுவரை அவர் வெயிலில் அதிகம் அலையாமல், முழுக்கைச் சட்டையும் குடையுமாக இருப்பது நல்லது. ஒளிதான் நிறத்தை ஆழமாக்குகிறது.

கேள்வி: தீக்காயத்திற்கு வெள்ளிக் களிம்பு தருகிறார்களே, வீட்டில் தயாரித்த நீரைக் காயத்தில் ஊற்றலாமா? கண்ணில் விடலாமா? நெபுலைசரில் வைத்து இழுக்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: மூன்றும் வேண்டாம். வீட்டு நீர் கிருமிநீக்கம் செய்யப்பட்டதல்ல, அதன் செறிவும் தெரியாது. தீப்பட்டவுடன் செய்ய வேண்டியது 20 நிமிடம் குழாய் நீரை ஓடவிட்டுக் குளிர்விப்பது, பிறகு மருத்துவரிடம் செல்வது. சில்வர் சல்ஃபடயசின் களிம்பைக்கூட சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் தவிர்ப்பார்கள். கண்ணிலும் நுரையீரலிலும் சோதனை செய்து பார்க்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். குடிப்பதற்கு அல்ல, மாணவர்களுக்குக் கூழ்மத்தையும் ஃபாரடே விதியையும் காட்ட இந்தக் கருவியைப் பயன்படுத்தலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: தாராளமாக. இந்தக் கருவிக்கு உரிய இடம் வகுப்பறைதான் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். 999 தூய்மையுள்ள இரண்டு வெள்ளிக் கம்பிகள், 200 மில்லிலிட்டர் வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்), தொடராக இணைத்த மூன்று 9 வோல்ட் பேட்டரிகள், ஒரு மல்டிமீட்டர் போதும். மின்சுற்றில் 10 கிலோஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்துவிட்டால் மின்னோட்டம் எந்நிலையிலும் 2.7 மில்லிஆம்பியரைத் தாண்டாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மின்னோட்டத்தைக் குறித்து, நேரத்திற்கு எதிராக வரைபடம் வரையச் சொல்லுங்கள். வளைகோடு மேல்நோக்கி ஏறுவதைப் பார்க்கும்போது, நேரத்தை மட்டும் வைத்து அளவைச் சொல்ல முடியாது என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுகொள்வார்கள். வளைகோட்டின் கீழுள்ள பரப்பே மின்னூட்டம், அதிலிருந்து கரைந்த வெள்ளியின் எடையைக் கணக்கிடலாம். ஒரு கூலூம் மின்னூட்டத்துக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளி.

பிறகு நீரை மூன்று குவளைகளில் பிரியுங்கள். முதல் குவளையில் பக்கவாட்டில் லேசர் ஒளியைச் செலுத்தினால், துகள்கள் இருக்கும் அளவுக்கு ஒளிக்கற்றையின் பாதை தெரியும். அதுவே டிண்டால் விளைவு. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் நீரையும், ஒரு துளி பால் கலந்த நீரையும் அருகில் வையுங்கள். கண்ணில் லேசர் படாமல் நீங்களே அதைக் கையாள வேண்டும். இரண்டாவது குவளையில் சில உப்புக் கற்களைப் போடுங்கள். நீர் கலங்கும் அளவு, அதில் அயனியாக எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும். அதையே வெயிலில் வைத்தால் வெண்மை மெல்லச் சாம்பலூதாவாக மாறும். தோலுக்குள் நடப்பதைக் கண்ணாடிக் குவளையில் பார்த்த மாணவன் பிறகு ஒருபோதும் அதைக் குடிக்க மாட்டான். மூன்றாவது குவளையை இருட்டில் ஒப்பீட்டுக்கு வைத்திருங்கள். எல்லாக் குவளைகளிலும் ‘குடிக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டுவதை மறக்க வேண்டாம். வாலைவடிநீருக்குப் பதிலாக ஊர்க் கிணற்று நீரைப் பயன்படுத்தினால் அதிலுள்ள குளோரைடே எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

கேள்வி: குடிநீர் வடிகட்டிகளில் வெள்ளி இருக்கிறதே, அது மட்டும் எப்படிப் பாதுகாப்பு? (வாசகர், திருச்சி)

பதில்: அங்கே வெள்ளி வடிகட்டியின் உட்பொருளில் பிடிப்பாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. நீர் அதன் வழியே கடந்து செல்லும்போது கிருமிகள் பாதிக்கப்படுகின்றன, நீரில் கலந்து வரும் வெள்ளி குடிநீர் வரம்புக்குள் இருக்கும்படி வடிவமைக்கிறார்கள். கவுதமாலாவில் 1981-இல் ஃபெர்னான்டோ மசாரியேகோஸ் உருவாக்கிய மண்பானை வடிகட்டியில் கூழ்ம வெள்ளி பூசப்பட்டது. களிமண்ணும் மரத்தூளும் கலந்து சுட்ட எளிய பானை அது, இன்று பல ஏழை நாடுகளில் குயவர்களே அதைச் செய்கிறார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் வெள்ளி நானோதுகள்களைக் கொண்டு நீரிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சத்தை நீக்கும் முறையைக் கண்டறிந்து, அது 2007 வாக்கில் விற்பனைக்கும் வந்தது. 2009-இல் அறிமுகமான டாடா ஸ்வச் வடிகட்டியில் நெல் உமிச் சாம்பலோடு நானோ வெள்ளி பயன்பட்டது. நம் வயலின் உமியும் ஆய்வகத்தின் வெள்ளியும் ஒரே குடுவையில் சேர்ந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி. இவற்றையெல்லாம் வாங்க இயலாதவர்களுக்கு, நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பதே போதும்.

கேள்வி: நிறுத்திவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். மீதமுள்ள இரண்டு பாட்டில் நீரையும் கம்பிகளையும் என்ன செய்வது? தோட்டத்துக் கிணற்றில் ஊற்றலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: கிணற்றிலும் குளத்திலும் மீன்தொட்டியிலும் ஊற்ற வேண்டாம். வெள்ளி அயனி மீன்களுக்கும் நீரில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் மிகக் கொடியது. ஒவ்வொரு பாட்டிலிலும் கால் கரண்டி சமையல் உப்பைக் கரைத்து, இரண்டு நாள் வெயிலில் அசையாமல் வையுங்கள். வெள்ளி குளோரைடாகி அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மெதுவாகச் சாய்த்துக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றிவிட்டு, அடியில் உள்ள சிறு கசடைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துக் குப்பையில் சேர்க்கலாம். பாட்டில்களை மீண்டும் குடிநீருக்குப் பயன்படுத்த வேண்டாம். கம்பிகள் தூய வெள்ளியாக இருந்தால், மேலே படிந்த கருமையைத் தேய்த்துவிட்டு நகைக்கடையில் எடை போட்டுக் கொடுத்தால் அன்றைய விலை கிடைக்கும்.